ஃபிராங்கன்ஸ்டைன்: அவன் கேட்டது பெண்டாட்டியையா, வீட்டையா?

வாசல்திண்ணை:

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்றாலே எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. மின்னல், கழுத்தில் ஆணி, கையை நீட்டிக்கொண்டு தள்ளாடி வரும் ராட்சதன். நாவலில் கழுத்தில் ஆணி கிடையாது, மின்னலடித்து உயிர் வரும் காட்சியும் கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது செய்தவனின் பெயர், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். செய்யப்பட்டவனுக்குப் பெயரே வைக்கவில்லை.

நான் இழை தொடங்கியது வேறு விஷயத்துக்காக. இந்த நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதையை இப்படிச் சுருக்கிவிடுகிறார்கள்: அவன் தனக்கு ஒரு ஜோடி கேட்டான், விக்டர் மறுத்தான், அதனால் கொலைகாரன் ஆனான். இது பாதிதான். ஜோடி கேட்பதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருஷம் அவன் ஆசைப்பட்டது ஒரு குடும்பத்துக்குள் போய் உட்கார.

காட்டோரம் ஒரு குடிசை. கண் தெரியாத கிழவர் டி லேசி, மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. அதை ஒட்டினாற்போல் ஒரு கொட்டகை. உள்ளே நிமிர்ந்து உட்காருவதே கஷ்டம் என்கிற அளவுக்குத் தாழ்வானது, இவனோ எட்டடி உயரம். அதற்குள் சுருண்டு கிடந்து, பலகைச் சந்து வழியாக அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முதலில் பசிக்கு அவர்கள் உணவைத் திருடுகிறான். அப்புறம் பார்த்தால், சின்னவர்கள் இரண்டு பேரும் இருப்பதைக் கிழவருக்கு வைத்துவிட்டுத் தாங்கள் சாப்பிடாமல் இருக்கிறார்கள். அன்றிலிருந்து திருட்டை நிறுத்திவிட்டுக் காட்டில் கிடைக்கும் பழம், கொட்டை, கிழங்கோடு சமாளிக்கிறான். ராத்திரியில் விறகு வெட்டிக்கொண்டு வந்து வாசலில் போடுகிறான். பனி பெய்தால் பாதையைச் சுத்தம் செய்கிறான். காலையில் கதவைத் திறக்கும் அகதா விறகுக் குவியலைப் பார்த்து வியந்து நிற்கிறாள்.

அவன் பேச்சு கற்றுக்கொள்ளும் இடத்தை மட்டும் ஒரு தடவை படியுங்கள். முதலில் பிடிபடுவது நெருப்பு, பால், ரொட்டி, விறகு. அடுத்து ஆட்களின் பெயர். சின்னவர்கள் ஒவ்வொருவருக்கும் பல பெயர் இருப்பதைக் கவனிக்கிறான்: ஃபெலிக்ஸ் என்கிறார்கள், அண்ணன் என்கிறார்கள், மகன் என்கிறார்கள். கிழவருக்கு மட்டும் அப்பா என்ற ஒரே பெயர். தன்னை எதுவாகவும் கூப்பிட ஆளில்லாத ஒருவன் இதைக் கவனிக்கிறான்.

என் கேள்வி: இவன் கேட்டது பெண்டாட்டியையா, வீட்டையா?

மொட்டைமாடி:

அக்கா, உருக்கமாக எழுதிவிட்டீர்கள். ஆனால் ஒன்று விட்டுப்போய்விட்டது: பிணங்கள். வில்லியம் விக்டரின் தம்பி, சின்னப் பையன். ஜஸ்டின் ஒரு பாவமும் அறியாத வேலைக்காரப் பெண். பையனைக் கொன்றுவிட்டு அவன் கழுத்தில் கிடந்த படத்தை அவள் உடைக்குள் செருகிவிட்டுப் போகிறான். அதற்காக அவள் தூக்கில் தொங்குகிறாள். காரணம், தன்னைப் பார்த்து எந்தப் பெண்ணும் சிரிக்கப் போவதில்லை என்ற எரிச்சல். அப்புறம் விக்டரின் நண்பன் கிளெர்வல், மனைவி எலிசபெத்.

தனிமையில் இருப்பவர்கள் எல்லாம் ஊரார் கழுத்தை நெரித்துக்கொண்டா திரிகிறார்கள்? 'நான் துன்பப்படுவதால்தான் கெட்டவனாக இருக்கிறேன்' என்று அவன் விக்டரிடம் சொல்வதை எல்லோரும் கைதட்டி மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அது மிரட்டிப் பணம் பறிக்கிறவன் பேச்சு மாதிரி இருக்கிறது. எனக்கு ஒருத்தியைச் செய்து கொடு, இல்லாவிட்டால் உன் ஆட்களை ஒவ்வொருவராக முடிப்பேன் என்பதுதானே பேரம்?

வாசல்திண்ணை:

மிரட்டல்தான் தம்பி. கொலைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்.

முதலில் டி லேசி வீடு. அது கைகூடவில்லை. அடுத்து வில்லியம். அவனைப் பார்த்ததும் கொல்லத் தோன்றவில்லை. குழந்தைக்கு இன்னும் அழகு, அசிங்கம் என்ற பேதம் தெரிந்திருக்காது, கூட்டிக்கொண்டு போய் வளர்த்தால் எனக்கு நண்பனாக இருப்பான் என்றுதான் கையைப் பிடிக்கிறான். பையன் வீறிட்டுக் கத்துகிறான், என் அப்பா ஃபிராங்கன்ஸ்டைன் என்கிறான். அந்தப் பெயர் காதில் விழுந்ததும்தான் காரியம் கெட்டது.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு, ஆல்ப்ஸ் பனிமலையில் விக்டரை மடக்கி உட்காரவைத்துச் சொல்லும்போதுதான் பெண் வேண்டும் என்கிறான். குடும்பம், குழந்தை, அதற்கு அப்புறம்தான் பெண். மனுஷர்கள் சேர்க்கமாட்டார்கள் என்பது உறுதியான பிறகு, என்னைப் போலவே விகாரமான ஒருத்தியாவது என்னை ஒதுக்கமாட்டாள் என்ற கணக்கு அது. ஆசையைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிற்கும் இடம்.

நைட்ஷிப்ட்:

குடிசைக்குள் போகும் காட்சியைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதிவிடுகிறேன்.

கிழவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறான். வழிப்போக்கன், கொஞ்ச நேரம் குளிர்காய வேண்டும் என்கிறான். உள்ளே வா என்கிறார். இவ்வளவு நாள் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் சுற்றி வளைத்துப் பேசுகிறான்: எனக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னைத் தெரியாது, அவர்களைத் தேடித்தான் போகிறேன், அவர்களும் கைவிட்டால் எனக்கு நாதியில்லை. கிழவர் தைரியம் சொல்கிறார். மனிதர்களின் மனம் பொதுவாக அன்பு நிறைந்ததுதான், கவலைப்படாதே என்கிறார். அந்த நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

வெளியே காலடிச் சத்தம். இனி நேரமில்லை. கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் உங்கள் குடும்பமும்தான் அந்த நண்பர்கள், காப்பாற்றுங்கள் என்று கதறுகிறான். கதவு திறக்கிறது. அகதா மயங்கி விழுகிறாள். ஃபெலிக்ஸின் காதலி சாஃபி வெளியே ஓடுகிறாள். ஃபெலிக்ஸ் அவனைத் தரதரவென்று இழுத்துப்போட்டுத் தடியால் அடிக்கிறான். நினைத்தால் ஃபெலிக்ஸைக் கிழித்துப் போட்டிருப்பான். தொடவில்லை.

இந்த ஃபெலிக்ஸ் கெட்டவன் இல்லை என்பதுதான் என்னைப் படுத்துகிறது. பாரிஸில் அநியாயமாக மரண தண்டனை பெற்ற ஒரு துருக்கி வியாபாரியைச் சிறையிலிருந்து தப்ப வைத்ததால்தான் அந்தக் குடும்பமே சொத்தை இழந்து நாடு கடத்தப்பட்டது. அந்த வியாபாரியின் மகள்தான் சாஃபி. அந்நியனுக்காக எல்லாவற்றையும் இழந்தவன், அப்பாவின் காலடியில் கிடக்கும் அந்நியனை அடிக்கிறான்.

மறுநாள் ஃபெலிக்ஸ் வீட்டைக் காலி செய்ய வருகிறான். மூன்று மாத வாடகை போய்விடும், தோட்டத்து விளைச்சலும் போய்விடும் என்று கூட வந்தவர் எடுத்துச் சொல்கிறார். போனால் போகட்டும் என்கிறான். இவன் கொட்டகைக்குள் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மொட்டைமாடி:

அப்புறம் அந்த வீட்டுக்குத் தீ வைக்கிறான். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நைட்ஷிப்ட்:

வைக்கிறான். ஆள் இல்லாத வீட்டுக்கு.

கடலோடி_73:

கப்பலில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் கண்ணுக்கு முதலில் பட்டது வால்ட்டன்தான். நாவலைத் தொடங்குவதே அவன். வடதுருவத்துக்கு வழி தேடிக் கிளம்பும் இருபத்தெட்டு வயசுக்காரன், இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மார்கரெட்டுக்கு எழுதும் கடிதங்களாகத்தான் மொத்தக் கதையும் நமக்கு வருகிறது. ஆர்க்கேஞ்சலில் இருந்து எழுதும் இரண்டாவது கடிதத்தில் புலம்புகிறான்: எனக்கு ஒரு நண்பன் இல்லை மார்கரெட். ஜெயித்தால் கூடச் சேர்ந்து சந்தோஷப்பட ஆளில்லை, தோற்றால் தேற்ற ஆளில்லை. காகிதத்தில் எழுதலாம், ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லும் கண்கள் வேண்டும்.

சரி, பாவம் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். அதே கடிதத்தில் அவன் கப்பல் மாஸ்டரைப் பற்றி எழுதுகிறான். அந்த மனுஷன் ஒரு ரஷ்யப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தார், அப்பாவும் சம்மதித்துவிட்டார். பெண் அழுது, தான் வேறொருவனைக் காதலிப்பதாகவும் அவன் ஏழை என்பதால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்கிறாள். இவர் என்ன செய்தார் தெரியுமா? தான் வாங்கி வைத்திருந்த பண்ணையையும் மிச்சப் பணத்தையும் அந்தக் காதலனுக்கே கொடுத்துவிட்டு, அப்பாவிடம் போய் அவனுக்காகப் பேசினார். கிழவன் மசியவில்லை. எனக்கு அவர் கொடுத்த வாக்குதான் தடை என்று இவர் நாட்டைவிட்டே போய், அவளுக்குக் கல்யாணம் ஆனது தெரிந்த பிறகுதான் திரும்பினார்.

இப்படி ஒருவர் பக்கத்துக் கேபினில் இருக்கும்போது வால்ட்டன் என்ன சொல்கிறான்? உத்தமர்தான், ஆனால் படிப்பில்லை, கப்பலைத் தவிர ஒன்றும் தெரியாது. முடிந்தது. எங்கள் மெஸ் ரூமில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் பேசமாட்டார்கள், பேச ஆளில்லை என்று கரைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்.

ஒன்று கவனித்தீர்களா? மார்கரெட்டின் பதில் ஒன்றுகூட நாவலில் இல்லை. மூன்றாவது கடிதத்தை ஊருக்குத் திரும்பும் ஒரு சரக்குக் கப்பலில் கொடுத்தனுப்புகிறான். அதற்குப் பிறகு பனிக்கட்டிக்கு நடுவில் விக்டரைக் கப்பலில் ஏற்றி, அவன் சொல்லக் கேட்டு எழுதியதை எந்தக் கப்பலில் அனுப்புவான்? விக்டரின் கதை முழுக்க, நமக்குத் தெரிந்தவரை, அனுப்ப வழியில்லாத கடிதத்தில் இருக்கிறது.

பழுப்புத்தாள்:

மார்கரெட் வால்ட்டன் சாவில், மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் ஷெல்லி. ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. ஆய்வாளர்கள் பலர் சொன்னதுதான், கடலோடி அண்ணன் சொன்னதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா:

எல்லோரும் அவனுக்குத் துணை வேண்டும் என்கிறீர்கள். அந்தத் துணைக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில் ஒரு மூலை. இரண்டே அறை கொண்ட குடில். அங்கே விக்டர் அவளைச் செய்துகொண்டிருக்கிறான். பாதி வேலையில் உட்கார்ந்து யோசிக்கிறான்: இவன் மனிதர்கள் கண்ணில் படாமல் தென் அமெரிக்கக் காட்டுக்குப் போய்விடுகிறேன், கொட்டையும் பழமும் தின்று வாழ்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். அவள் கொடுக்கவில்லையே? அவள் பிறப்பதற்கு முன் செய்த ஒப்பந்தத்துக்கு அவள் ஏன் கட்டுப்பட வேண்டும்? அவளுக்கு இவனைப் பிடிக்காமல் போனால்? விட்டுவிட்டுப் போய்விட்டால்?

நாவல் முழுக்க அடுத்தவர் நிலையில் இருந்து அபூர்வமாகத்தான் யோசிக்கிற விக்டர், இங்கே சரியான கேள்வியைக் கேட்கிறான். கேட்டுவிட்டு என்ன செய்கிறான்? அவளைப் பிய்த்துப் போடுகிறான். ஜன்னலுக்கு வெளியே நிலா வெளிச்சத்தில் இவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே. பிறகு அந்தத் துண்டுகளைக் கூடையில் போட்டு, கல்லை வைத்துக் கட்டி, விடியுமுன் படகில் போய்க் கடலில் இறக்கிவிட்டு வருகிறான்.

வாசல்திண்ணை, உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்டாட்டியா, வீடா என்கிறீர்கள். வீடு கேட்டவன் வீட்டில் இருப்பவர்களுக்கு விறகு வெட்டினான், பனி அள்ளினான். பெண் கேட்டபோது அப்படி ஒன்றும் இல்லை, செய்து கொடு என்றான். இரண்டும் ஒரே மனசிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இடையில் அவன் மாறிவிட்டான்.

வாசல்திண்ணை:

டீச்சர், இதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கையில் கிடைத்த புத்தகங்களையும் பாருங்கள். காட்டில் கிடந்த தோல்பெட்டியில் மூன்று: மில்டனின் 'இழந்த சொர்க்கம்', புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள், கதேயின் 'வெர்தர்' நாவல். மில்டனில் ஆதாம் கேட்டதும் கடவுள் ஏவாளைச் செய்து கொடுக்கிறார். படைத்தவனிடம் போய்த் துணையைச் செய்து கொடு என்று கேட்கலாம் என்பது அங்கேதான் படித்திருப்பான். கடைசியில் சாத்தானோடு ஒப்பிட்டுக்கொள்கிறான். சாத்தானுக்கும்கூடக் கூட்டாளிகள் இருந்தார்கள், எனக்கு இல்லை என்று.

மொட்டைமாடி:

ஆக, கெட்டுப்போனதற்குப் புத்தகமும் காரணம். நல்லது. :)

டீச்சர் சொன்னதில் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது. விக்டர் பெண்ணைச் செய்யாதது சரி என்றுதான் நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன். ஒருவனின் தனிமையைத் தீர்க்க இன்னொரு உயிரை ஆர்டர் கொடுத்துச் செய்ய முடியாது.

பழுப்புத்தாள்:

செய்யாதது சரி. செய்த ஒருவனைப் போட்டுவிட்டு ஓடியது? அந்த நவம்பர் ராத்திரியை மறந்துவிடாதீர்கள். படிக்கப் போன ஊரான இங்கோல்ஸ்டாட்டில் விக்டர் படுக்கையில் கிடக்கிறான். இவன் திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறான். வாயில் ஏதோ சத்தம், முகத்தில் இளிப்பு, ஒரு கை நீண்டு வருகிறது. பிறந்த குழந்தை செய்கிற எல்லாம். விக்டர் மாடிப்படியில் இறங்கி ஓடி, இரவு முழுக்க முற்றத்தில் கழிக்கிறான். மறுநாள் நண்பன் கிளெர்வலோடு திரும்பி வந்து, அறை காலியாக இருப்பதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கைதட்டுகிறான். எட்டடிக் குழந்தை எங்கே போயிற்றோ என்ற கவலை ஒரு நொடி கிடையாது.

எனக்கு இந்த நாவலில் மிகத் தனியான ஆள் விக்டர்தான். அப்பா இருக்கிறார், தம்பிகள் இருக்கிறார்கள், காத்திருக்கும் எலிசபெத் இருக்கிறாள், மாதக்கணக்கில் கூடவே இருந்து காய்ச்சலுக்குப் பணிவிடை செய்த கிளெர்வல் இருக்கிறான். ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஜஸ்டினைத் தூக்கில் போடும்போதும் திறக்கவில்லை. பைத்தியம் என்பார்கள் என்று பயம். எலிசபெத் கடிதம் எழுதி, உனக்கு வேறு யார்மீதாவது விருப்பமா, சொல்லிவிடு என்று கேட்கிறாள். அதற்கு விக்டரின் பதில்: என்னிடம் ஒரு பயங்கர ரகசியம் இருக்கிறது, கல்யாணத்துக்கு மறுநாள் சொல்கிறேன். கல்யாண ராத்திரியே அவள் செத்துப்போகிறாள்.

அவனுக்கு வீடு கிடைக்கவில்லை, இவனுக்கு இருந்த வீட்டில் பேச்சு இல்லை.

இது எழுதியவள் வாழ்க்கையையும் கொஞ்சம் பார்க்கலாம். 1797 ஆகஸ்ட் 30இல் மேரி பிறக்கிறாள். பிரசவத்தால் வந்த காய்ச்சலில் செப்டம்பர் 10இல் அம்மா இறந்துபோகிறார். 1815இல் மேரிக்குப் பிறந்த முதல் பெண் குழந்தை, குறைப்பிரசவம், பெயர் வைக்குமுன் போய்விட்டது. குழந்தை குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, அடுப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். அடுத்த வருஷம், 1816 கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் இந்தக் கதையைத் தொடங்கும்போது வயசு 18. 1818 ஜனவரி 1இல் ஐந்நூறு பிரதிகள், ஆசிரியர் பெயர் போடாமல் வெளிவந்தது.

கடலோடி_73:

எந்தப் பதிப்பைப் படிப்பது? என்னிடம் இருப்பது 1831 என்று போட்டிருக்கிறது.

பழுப்புத்தாள்:

இரண்டையும் படியுங்கள் அண்ணே. 1831 அவளே திருத்தியது. இந்த இழைக்குப் பொருத்தமான ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். வால்ட்டன் விக்டரிடம் நண்பன் வேண்டும் என்று ஏங்கும் இடம். 1818இல் விக்டர், நட்பு விரும்பத்தக்கது, கிடைக்கவும் கூடியது என்று ஒத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். 1831இல் அந்தப் பேச்சு மாறிவிட்டது. நம்மைவிட நல்லவரும் அறிவுள்ளவரும் கைகொடுக்காவிட்டால் நாம் பாதி செய்து விட்ட பிறவிகள்தான் என்கிறான்.

இரண்டு பதிப்புக்கும் நடுவில் என்ன நடந்தது? 1818இல் மகள் கிளாரா இறந்தாள். 1819இல் மகன் வில்லியம் ரோமில் இறந்தான். ஆமாம், நாவலில் சாகும் பையனுக்கும் அதே பெயர்தான். 1822இல் கணவர் ஷெல்லி கடலில் மூழ்கினார். 1824இல் நண்பர் பைரன் இறந்தார். மிஞ்சிய ஒரு மகனோடு இருந்த 34 வயசுக்காரி அந்த வரியைச் சேர்க்கிறாள்.

டீச்சரம்மா:

சேர்த்ததை யார் வாயில் வைத்திருக்கிறாள் என்பதையும் பாருங்கள். பாதி செய்த பிறவி என்று சொல்வது, பாதி செய்த ஒருத்தியைக் கிழித்துக் கடலில் போட்டவன்.

நைட்ஷிப்ட்:

கடைசிக் காட்சியில் ஒரு சின்ன விஷயம். விக்டர் கப்பலில் இறந்த பிறகு, இவன் கேபினுக்குள் வந்து பிணத்தின்மேல் குனிந்து அழுதுகொண்டிருக்கிறான். வால்ட்டன் உள்ளே நுழைகிறான். அந்த முகத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். ஜன்னலை நோக்கித் தாவியவனைப் போகாதே, இரு என்று கூப்பிடுகிறான்.

வீட்டுக்குள் வா என்று சொன்ன டி லேசிக்குக் கண் தெரியாது. இரு என்று சொன்ன வால்ட்டன் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான். இரண்டாவதைக் கவனித்த பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மொட்டைமாடி:

நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் இருக்கச் சொன்னது விருந்து வைக்க இல்லையே. நான் செத்தால் இவனை நீ முடித்துவிடு என்று விக்டர் கேட்டிருக்கிறான்.

வாசல்திண்ணை:

அதை வால்ட்டனே எழுதுகிறான். கொல்ல வேண்டும் என்ற கடமைதான் முதலில் தோன்றியது, ஆனால் ஆவலும் இரக்கமும் கலந்து வந்து அதை நிறுத்திவிட்டன என்கிறான்.

மொட்டைமாடி:

அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள் அக்கா. இவன் அழுகையைக் கேட்டுக் கொஞ்சம் இளகியவன், விக்டரின் பிணம் கண்ணில் பட்டதும் கொதித்துப்போகிறான். வீடுகளுக்குள் கொள்ளிக்கட்டையை எறிந்துவிட்டு, எரிந்து முடிந்ததும் இடிபாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாய், வேஷக்காரா என்கிறான். என் கட்சிக்கு ஒரு ஓட்டு.

டீச்சரம்மா:

திட்டிய பிறகும் பேச விடுகிறானே. நாவலின் கடைசிப் பக்கங்கள் முழுக்க இவன் பேச்சுதான், வால்ட்டன் நின்று கேட்கிறான். விக்டர் பனிமலையில் உட்கார்ந்து கேட்டதற்கும் ஆவலும் இரக்கமும் காரணம்தான், ஆனால் படைத்தவன் என்ற கடமையும் அவனுக்கு இருந்தது. வால்ட்டனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மொட்டைமாடி, உங்கள் ஓட்டைப் பாதியாக எண்ணிக்கொள்ளுங்கள்.